57 டன்னை 4096-ஆல் வகுத்தால்

ரிமோட்டில் ஓடும் ராணுவ டாங்கி வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் என்னிடம் கேட்பது, "பிளாஸ்டிக் வாங்கட்டுமா, உலோகம் வாங்கட்டுமா?" என்றுதான். "எந்த டாங்கி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஜெர்மானியரின் கனமான டைகர் என்றால் ஒரு பதில், ஜப்பானியரின் இலேசான ஹா-கோ என்றால் வேறு பதில். எல்லா டாங்கிக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதை ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

காரணம் எடை. இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் புழங்கும் அளவு 1/16. அசல் வண்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒன்றாகக் குறையும்போது அதன் கன அளவு 16 × 16 × 16, அதாவது 4096-ல் ஒரு பங்காகிறது. எடையும் அதே கணக்கில்தான் குறைய வேண்டும். 1942-ல் ஜெர்மானியர் களத்தில் இறக்கிய டைகர் 57 டன். அதை 4096-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13.9 கிலோ வருகிறது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டைகரை என் சமையலறைத் தராசில் வைத்தால் முள் நான்கு கிலோவை ஒட்டி நிற்கிறது. இருக்க வேண்டிய எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மற்றவற்றையும் வகுத்துப் பார்த்தேன். சோவியத் டி-34/85 என்பது 32 டன், மாதிரிக்கு 7.8 கிலோ. அமெரிக்க ஷெர்மன் 30 டன்னை ஒட்டியது. ஏழு கிலோவுக்குச் சற்று மேல். மலேசியத் தரைப்படை போலந்திலிருந்து வாங்கிய பெண்டேக்கார் ஏறக்குறைய 48 டன். பன்னிரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதுவரை எல்லாம் உலோகத்தின் பக்கம் சாய்கின்றன. ஆனால் 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் நுழைந்த ஜப்பானியரின் டைப் 95 ஹா-கோவின் எடை 7.4 டன்தான். வகுத்தால் 1.8 கிலோ. அதனுடன் வந்த டைப் 97 சி-ஹா 15 டன்; மாதிரிக்கு 3.7 கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஹா-கோவை முழுக்க முழுக்க உலோகத்தில் வார்த்தால் அது ஹா-கோவின் உருவம் கொண்ட வேறு ஏதோ ஒரு வண்டியாகிவிடும்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? நிறுத்தி வைத்துப் பார்ப்பவருக்கு முக்கியமே இல்லை. ஓட்டுகிறவருக்கு அதுதான் எல்லாம். இலேசான டாங்கி ரிமோட்டின் குச்சியைத் தொட்டதும் துள்ளிப் பாயும், கையெடுத்ததும் அந்த இடத்திலேயே நிற்கும், ஒரு சரளைக் கல் மீது ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு குதிக்கும். எடையுள்ள டாங்கி கிளம்பும்போது பின்பக்கம் சற்று அமிழும், நிற்கும்போது முன்பக்கம் தலை குனியும், கல்லின் மீது ஏறும்போது ஒவ்வொரு சக்கரமும் தன் முறை வந்ததும் தனியாக ஏறி இறங்கும். பழைய போர்க்காலச் செய்திப்படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அசைவு தெரியும். வேகமும் இதில் சேர்ந்தது. சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டி ஓடிய டைகரின் மாதிரி, மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டரில் போக வேண்டும். மெதுவாக நடப்பவரைவிட மெதுவாக. பிளாஸ்டிக் டைகரை அந்த வேகத்தில் ஓட்டினாலும் அதன் இலேசுத்தன்மை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை முதல் மாலை வரை நான் பார்ப்பது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கின் துண்டுகளைத்தான். எங்கள் இயந்திரங்களில் வார்ப்பது மருத்துவக் கருவிகளுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் உரிய உறைகள். ஆனாலும் டாங்கியின் உடலைக் கையில் எடுத்ததும் என் கண் தானாகவே அதே இடங்களுக்குப் போகும். ஆகவே பிளாஸ்டிக்கை மட்டமான சரக்கு என்று யாராவது சொல்லும்போது எனக்குப் பொறுக்காது. மட்டமான அச்சு உண்டு, அவசரமாக ஆறவைத்த துண்டு உண்டு, ஈரம் போகக் காயவைக்காமல் உருக்கிய ஏபிஎஸ் உண்டு. ஏபிஎஸ் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 80 டிகிரி சூட்டில் சில மணி நேரமாவது உலர்த்திய பிறகே அச்சுக்குள் செலுத்த வேண்டும். உலர்த்தாமல் வார்த்தால் மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் ஓடும். துண்டும் பலவீனமாக இருக்கும். ஒழுங்காக வார்த்த ஏபிஎஸ்ஸில் ஆணித்தலைகளும், பற்றவைப்புத் தழும்புகளும், கருவிகளைக் கட்டும் கொக்கிகளும் துலங்குகிற துல்லியம், மலிவான உலோக வார்ப்பில் வருவதில்லை. ஜப்பானில் ஷிசுவோகாவிலிருந்து வரும் தமியாவின் பிளாஸ்டிக் உடலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பிளாஸ்டிக் டாங்கியை வாங்கும்போது நான் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். உடலைத் தலைகீழாகத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். திருகுகள் இறங்கும் உருளைகளின் அடிப்பகுதி தடிமனாக இருந்தால், அதற்கு நேர் வெளிப்புறத்தில் மேற்பரப்பு இலேசாகக் குழிந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். சாயம் பூசினால் அது மறையாது, இன்னும் தெளிவாகத் தெரியும். அடுத்து, துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். உருகிய பிளாஸ்டிக் துளையின் இரு பக்கமாகப் பிரிந்து ஓடி மறுபுறம் சேர்ந்த இடம் அது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். மேல் உடலைக் கழற்றிக் கழற்றி மாட்டுவோம் என்பதால், திருகுத் துளைகள் ஓராண்டில் தேய்ந்து பிடிப்பை இழக்கும். அந்தத் துளைகளில் சூடாக்கிய பித்தளைச் செருகுகளை இறக்கிவிட்டால் பிறகு அந்தக் கவலை இல்லை. உலோகத் திருகுக்கு உலோக மரை.

தகட்டின் தடிமன் பற்றி ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. டைகரின் முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர். 16-ஆல் வகுத்தால் 6.25 மில்லிமீட்டர். அவ்வளவு தடிமனில் பிளாஸ்டிக்கை யாரும் வார்க்க மாட்டார்கள். ஆறுவதற்கே நேரம் போதாது, மேற்பரப்பு முழுவதும் குழிந்துபோகும். அதனால் உற்பத்தியாளர்கள் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் சுவரை வார்த்து உள்ளே வெற்றிடமாக விடுகிறார்கள். ஹா-கோவில் கதை தலைகீழ். அதன் கவசத்தின் அதிகபட்சத் தடிமனே 12 மில்லிமீட்டர், மாதிரிக்கு 0.75 மில்லிமீட்டர். பெரிய பரப்பில் அவ்வளவு மெல்லியதாக வார்க்கவும் முடியாது, ஓடும் வண்டிக்கு அது தாங்கவும் செய்யாது. ஒரு டாங்கிக்கு பிளாஸ்டிக் மிகவும் மெலிதாகப் போகிறது, இன்னொன்றுக்கு மிகவும் தடித்துப் போகிறது. தகட்டு விளிம்பு திறந்திருக்கும் இடங்களில், மண்தடுப்பு விளிம்பிலும் மூடியின் ஓரத்திலும், இது அப்பட்டமாகத் தெரியும். டைகரில் விளிம்பைத் தடிமனாகக் காட்ட உட்புறம் பட்டை ஒட்டுவேன். சிறிய டாங்கிகளில் உட்புறத்தைச் சாய்வாகச் சீவி மெலிதாகக் காட்டுவேன்.

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் தம்பிக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்காது. அவன் உலோகக் கட்சி. டாங்கி என்றால் இரும்பு, இரும்பு இல்லாதது பொம்மை என்பது அவன் வாதம். "அக்கா, ஏழு கிலோ டைகரைத் தூக்கிப் பார்த்த பிறகும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுகிறாயே" என்பான். அவனிடம் இருப்பது அடி உடலும், சக்கரங்களும், சங்கிலிப் பட்டையும், சக்கரங்களைத் தாங்கும் சக்கரக் கைகளும் உலோகத்தில் வந்த டைகர். நான் தூக்கிப் பார்க்காமல் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் இரண்டையும் ஓட்டுகிறோம். அவனுடைய டைகர் செம்மண் மேட்டில் ஏறும் அழகை என்னுடைய பிளாஸ்டிக் டைகரால் ஒருபோதும் காட்ட முடியாது. அதை நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

என் கருத்து இதுதான்: அந்த அழகு முழுவதும் கீழ்ப்பாதியிலிருந்து வருகிறது. பட்டை, சக்கரங்கள், பல்சக்கரம், சக்கரக் கைகள், கியர்பாக்ஸ். எடை தரையை ஒட்டி இருந்தால் டாங்கி மேட்டில் சரியாது, திரும்பும்போது தள்ளாடாது. மேல் உடலும், பீரங்கியைத் தாங்கிச் சுழலும் டரட்டும் உலோகமாக இருந்தால், எடை மேலே ஏறிவிடுகிறது. சரிவில் குறுக்காகப் போகும்போது அது தெரியும். டரட்டைச் சுழற்றும் சிறிய மோட்டாரும் திணறும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டின் அலை உலோகத்தை ஊடுருவாது. முழு உலோகப் பெட்டிக்குள் ஆன்டெனாக் கம்பியைச் சுருட்டி வைத்தால் சற்றுத் தூரத்திலேயே தொடர்பு அறுந்துபோகும். கம்பியின் நுனியை வெளியே எடுத்தாக வேண்டும். மேல் உடல் பிளாஸ்டிக்காக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கீழே உலோகம், மேலே பிளாஸ்டிக் என்பது காசு போதாமல் செய்துகொள்ளும் சமரசம் என்று பலர் நினைக்கிறார்கள். கனமான டாங்கிகளுக்கு அதுதான் சிறந்த அமைப்பு என்றே நான் நம்புகிறேன். மேல் உடலையும் உலோகத்தில் வார்த்து விற்கும் மாட்டோ போன்ற ரகங்களை வாங்குகிறவர்கள், கணக்குப்படியான எடையை நெருங்குவது உண்மை. அதற்காக அவர்கள் மேலே ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் மோட்டாரும் பேட்டரியும் விலை கொடுக்கின்றன.

எடை கூடினால் மண்ணில் புதையுமே என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கிறது. எடை 4096-ல் ஒரு பங்காகக் குறையும்போது, பட்டை தரையைத் தொடும் பரப்பு 256-ல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. எனவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் தரையின் மீதும் மாதிரி அழுத்துவது, அசல் அழுத்தியதில் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. கணக்குப்படி 14 கிலோவை எட்டிய டைகர்கூடப் புல்தரையில் சிரமமில்லாமல் போகும். புதைவது எடையால் அல்ல, ஒட்டும் மண்ணால். மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் செம்மண் பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு இறுகும். பிளாஸ்டிக் பட்டையாக இருந்தால் வழிகாட்டிப் பற்கள் வளைந்து பட்டை கழன்றுவிடும். உலோகப் பட்டை அந்த மண்ணை நசுக்கி வெளியே தள்ளிவிடுகிறது.

சங்கிலிப் பட்டையைப் பற்றி எனக்குச் சொந்தமான ஒரு காரணமும் இருக்கிறது. என் அப்பாயி பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1942 ஜனவரி 7-ஆம் நாள் விடிவதற்கு முன், ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பிரதான சாலை வழியாகவே பிரிட்டிஷ் தரப்பின் 11-வது இந்திய டிவிஷனின் வரிசையைப் பிளந்துகொண்டு சிலிம் ரிவர் பாலம் வரை வந்துவிட்டன. மலாயாவில் அப்போது பிரிட்டிஷ் படையிடம் எதிர்த்து நிறுத்த ஒரு டாங்கியும் இல்லை. நான்கே நாளில், ஜனவரி 11-ல், கோலாலம்பூர் விழுந்தது. அப்பாயி அப்போது சிறுமி. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு மணி அடிக்கும் நேரத்துக்கு வெகு முன்பே, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டதாகச் சொல்வார். வண்டிகளை அவர் பார்க்கவில்லை, கேட்டார். கிணற்றுச் சங்கிலியைத் தார்ச்சாலையில் யாரோ ஓயாமல் இழுத்துக்கொண்டு போவதைப் போல் இருந்ததாம். வயதான பிறகும் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது கையால் காதை மூடிக்கொள்வார்.

ஹா-கோவும் சி-ஹாவும் எனக்கு வெறும் மாதிரிகளாகத் தெரியாததற்கு இதுதான் காரணம். பிளாஸ்டிக் பட்டை ஓடும்போது சளசளவென்று ஒரு சத்தம் வரும். ஒலிபெருக்கியில் வரும் என்ஜின் உறுமல் அதை மூடிவிடும். உலோகப் பட்டையின் சத்தத்தை எந்த ஒலிபெருக்கியும் மூடுவதில்லை. இணைப்புகள் பல்சக்கரத்தில் ஒவ்வொன்றாக விழும் கணகணப்பும், திரும்பும்போது வரும் கிறீச்சென்ற ஒலியும் சேர்ந்து வரும். என்ஜின் ஒலியை அணைத்துவிட்டு, கெட்டியான தரையில் பட்டையின் சத்தத்தோடு மட்டும் ஓட்டுவது எனக்குப் பழக்கம். 1.8 கிலோ ஹா-கோவுக்கும்கூட, உடல் முழுவதும் பிளாஸ்டிக்காக இருந்தாலும், பட்டை உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டைகருக்கான உலோகப் பட்டை ஒரு ஜோடி ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. அதைச் சுழற்றுவது பிளாஸ்டிக் பல்சக்கரம் என்றால், அதன் பற்கள் சில வாரங்களில் கூர்மழுங்கிப் போகும். பல்சக்கரத்தை மாற்றினால் சுமை உள்ளே கியர்பாக்ஸுக்குப் போகும். அங்கே பிளாஸ்டிக் கியர் இருந்தால் அது பல் உதிர்க்கும். பட்டையின் மறுமுனையை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் சக்கரத்தைப் பிளாஸ்டிக்காகவே விட்டால், பட்டையின் இழுவையில் அதன் அச்சு வளையும். சீனத் தயாரிப்பாளரான ஹெங் லாங் ஒரே டாங்கியைப் பல படிகளில் விற்பதன் பொருள் இதுதான். எல்லாம் பிளாஸ்டிக்கான ரகம், கியர்பாக்ஸ் மட்டும் உலோகமான ரகம், பட்டையும் சக்கரங்களும் உலோகமான ரகம். நடுப்படியை வாங்கிச் சிறிது சிறிதாக மேலே ஏற்றுவதுதான் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. வரிசை முக்கியம்: முதலில் எஃகு கியர்பாக்ஸ், அதன் பிறகு பல்சக்கரமும் ஐட்லரும் ஒன்றாக, அதற்குப் பிறகே பட்டை. கடைசியில் தரைச் சக்கரங்கள். பட்டையை முதலில் வாங்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்; கண்ணுக்கு அழகாகத் தெரிவது அதுதான் என்பதால் சொல்கிறார்கள்.

இனி உலோகம் என்று நாம் சொல்வது எந்த உலோகம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். தம்பி "இரும்பு" என்று பெருமையாகச் சொல்வதில் இரும்பு மிகக் குறைவு. கியர்கள் எஃகு. சக்கர அச்சுகளும் பட்டையின் ஊசிகளும் எஃகு. மற்றபடி பட்டை, சக்கரங்கள், வார்த்த உடல் ஆகியவற்றில் பெரும்பகுதி துத்தநாகக் கலவை. விலை கூடிய ரகங்களில் சில பாகங்கள் அலுமினியம். இவற்றுக்கிடையே எடையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு கன சென்டிமீட்டர் ஏபிஎஸ் ஒரு கிராமுக்குச் சற்று மேல், அலுமினியம் 2.7 கிராம், துத்தநாகக் கலவை ஆறரைக் கிராமுக்கும் மேல். எடை வேண்டிய இடத்தில் துத்தநாகம் பொருத்தமானது. எடை கூடாமல் உறுதி மட்டும் வேண்டிய இடத்தில் அலுமினியம். நம் தரைப்படை முன்பு வைத்திருந்த ஸ்கார்ப்பியன் இதற்கு நல்ல உதாரணம். எடையைக் குறைப்பதற்காக அசல் வண்டியின் கவசமே அலுமினியத்தில் செய்யப்பட்டது. எட்டு டன்னை ஒட்டிய வண்டி, மாதிரிக்கு இரண்டு கிலோ. அதை யாராவது துத்தநாகத்தில் வார்த்து விற்றால் நான் வாங்க மாட்டேன்.

துத்தநாகத்துக்கு நம் ஊரில் இரண்டு எதிரிகள். ஒன்று கடல். பத்து மவுங் என்ற ஊரின் மீன்பிடிப் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புநீரில் எஃகுக்கு முன்னால் துத்தநாகம் அரிக்கப்படும். அது தன்னைக் கொடுத்து எஃகைக் காப்பாற்றுகிறது. டாங்கியின் பட்டையிலும் எஃகு ஊசி துத்தநாக இணைப்புக்குள் இருக்கிறது. தஞ்சோங் பூங்கா கடற்கரை மணலில் ஒரு மாலை ஓட்டிவிட்டு அப்படியே பெட்டியில் வைத்துவிட்டால், ஊசி பளபளப்பாக இருக்கும், அதைச் சுற்றிய இணைப்பு வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். கடற்கரையில் ஓட்ட வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பட்டையோடு ஓட்டுங்கள், நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

இரண்டாவது எதிரி உலோகத்தின் உள்ளேயே இருக்கிறது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், வார்த்த துண்டு ஆண்டுகள் போகப் போக உள்ளிருந்தே விரிந்து, வெடித்து, பிஸ்கட்டாக நொறுங்கும். சூடும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். பினாங்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பழைய ரயில் மாதிரிகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் பெயர் தெரியாத தயாரிப்பாளரின் மலிவான உலோக உடலைவிட, ஒழுங்கான தயாரிப்பாளரின் பிளாஸ்டிக் உடலே மேல் என்கிறேன். பிளாஸ்டிக் உடைந்தால் கரைப்பான் பசையால் ஒட்டிவிடலாம். ஒட்டிய இடம் ஒரே துண்டாக உருகிச் சேர்ந்துகொள்ளும். நொறுங்கிய துத்தநாகத்தை என்ன செய்தும் சேர்க்க முடியாது. என்னிடம் உள்ள உலோகப் பாகங்களைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். எஃகு கியர்களுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் பார்க்கிறேன்.

சாயம் பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்டிக், மாதிரிகளுக்கான சாயத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். உலோகத்துக்கு அடிப்பூச்சு இல்லாமல் எது பூசினாலும் உரிந்துவிடும். பட்டைக்கு நான் சாயமே பூசுவதில்லை. கருமையாக்கும் கரைசலில் ஊறவைத்து, ஓடித் தேய்ந்து பளபளப்பாகும்படி விட்டுவிடுகிறேன்.

எங்கே ஓட்டுவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாவது மாடி. உலோகப் பட்டை பீங்கான் தரையில் ஓடினால் தரையும் கீறும், கீழ்வீட்டுக்காரரின் தூக்கமும் போகும். வீட்டுக்குள் ஓட்ட நான் வைத்திருப்பது பிளாஸ்டிக் பட்டை போட்ட ஷெர்மன். வீட்டுக்குள் மட்டுமே ஓட்டப்போகிறவருக்கு, அதுவும் குழந்தைகளோடு சேர்ந்து ஓட்டப்போகிறவருக்கு, முழுப் பிளாஸ்டிக் போதும் என்று தயங்காமல் சொல்வேன். ஏழு கிலோ உலோகம் ஒரு குழந்தையின் கால் விரலில் ஏறுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். படகில் பட்டர்வொர்த்துக்குப் போய்த் தம்பியிடம் சேரும் நாட்களில் தோள்பையில் எடுத்துப்போவதும் அந்த ஷெர்மனைத்தான்.

வாங்குவதைப் பற்றி இரண்டு விஷயம். பீரங்கியிலிருந்து சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் ரகமும் உண்டு, அகச்சிவப்புக் கதிரால் 'சுடும்' ரகமும் உண்டு. மலேசியாவில் இத்தகைய குண்டுகளைச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளுக்கு அனுமதி இல்லை. குண்டு சுடும் எதையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துச் சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது வீண் தொல்லை. அகச்சிவப்பு ரகத்தையே கேட்டு வாங்குங்கள். இரண்டு டாங்கிகள் எதிரெதிரே நின்று விளையாட அதுதான் வசதியும்கூட. அடுத்து, 2024 ஜனவரி முதல் இணையம் வழியாக வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. உலோக டாங்கியை வரவழைத்தால் எடைக்கான அனுப்புக் கட்டணமே கண்ணைக் கட்டும். ஆகவே கனமான பாகங்களை உள்ளூரில் தேடி வாங்குவதும், இலேசான பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் கட்டுப்படியாகும்.

இப்போது என் மேசையில் இருப்பது ஹா-கோ. நீளம் 27 சென்டிமீட்டர், அகலம் 13 சென்டிமீட்டர். டைகருக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டியாகத் தெரியும். மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி நானே உடலைக் கட்டுகிறேன். உள்ளே சட்டங்கள் தாங்குவதால் வெளித்தகட்டை ஒரு மில்லிமீட்டருக்குக் குறைக்க முடிந்திருக்கிறது. விளிம்புகளை மட்டும் சீவி 0.75-க்குக் கொண்டுவந்துவிட்டேன். 1.8 கிலோவில் உடலுக்கு எவ்வளவு, மோட்டார்களுக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். மிச்சம் வருவது முழுவதும் பட்டைக்கும் சக்கரங்களுக்கும்.

தம்பி இதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "0.8 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் நானும் ஒரு ஹா-கோ செய்கிறேன், அக்கா. ஈயப்பற்று வைத்தே முடித்துவிடுவேன். எடையும் உன் கணக்குக்குள் வரும்" என்கிறான். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டரைக் கிராம். தகட்டின் பரப்பைக் கணக்கிட்டுப் பெருக்கிக் காட்டினேன். வெளித்தகடு மட்டுமே ஒரு கிலோவை விழுங்கிவிடும். பட்டைக்கு மிஞ்சுவது போதாது. அவன் காகிதத்தை வாங்கிக்கொண்டு போய், அடியிலும் பின்புறத்திலும் தகட்டை எங்கெங்கே வெட்டி எடுக்கலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறான். என் வண்டிக்கான பல்சக்கரங்களை அவன்தான் அலுமினியத்தில் கடைந்து தருகிறான், முன்பக்கத்துக்கு இரண்டு. ஹா-கோவில் இழுவை முன்னாலிருந்துதான்.